புளியமரத்துக்கும் பொங்கல் பானைக்கும் நடுவே

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது. லைசென்ஸ் கொடுத்த அன்று எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், போட்டேன். எங்கேயாவது ஒரு சந்தில் ஒழுங்காக நிறுத்திக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை (கேட்டிருந்தால் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருப்பேன், மானமும் மிஞ்சியிருக்கும்).

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் பிழைப்பே அளப்பது. கள்ளக்குறிச்சியில் தனியார் சர்வேயர். வரப்புத் தகராறு என்றால் டேப்பும் கையுமாகப் போய் நிற்பேன். அரையடி தள்ளிக் கல் நட்டிருந்தால் சைக்கிளில் போகும்போதே கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், கண்ணில் இருக்கிற அளவுகோல் இறங்கிப் போய்விடும். பழைய காரை வீட்டு கேட்டில் மட்டும் ஏழு முறை இடித்திருக்கிறேன். கேட்டும் நானும் ஒரே இடத்தில்தான் இருக்கிறோம், அப்படியும்.

அதனால்தான் புதுக் கார் வாங்கும்போது மற்ற எதையும் பார்க்காமல் ஒன்றைத்தான் கேட்டேன்: தானாகவே நிறுத்திக்கொள்ளுமா? கொள்ளும் என்றார் ஷோரூம் பையன். ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மேலே நாலா பக்கமும் கேமரா, சுற்றிலும் சென்சார், கூரையில் திறந்து மூடும் சன்ரூஃப் வேறு. என் மனைவி கலா, "நிறுத்தறதுக்குன்னு ஒரு காரா? நிறுத்தாமலே ஓட்டிகினு இருந்தா இன்னும் செலவு கம்மியாச்சே" என்றாள். அவளுக்குத் தொழில்நுட்பம் பிடிபடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கார் வந்த மூன்றாவது வாரம் என் தங்கை சுமதியின் மகனுக்குக் காதுகுத்து.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். சீர் கம்மியாக இருந்தால் நாலு நாள் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். மடி இல்லாவிட்டால் மறக்கவே மாட்டார்கள். சுமதியின் மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது நான் உளுந்தூர்பேட்டையில் ஒரு மனையை அளந்துவிட்டு வந்துவிடலாம் என்று போய், நெரிசலில் மாட்டி, பந்தி பரிமாறும்போதுதான் வந்து சேர்ந்தேன். என் இடத்தில் பெரியப்பா மகன் தனவேலை உட்கார வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். சுமதி என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. அப்புறம் பேசினாள், பேசியதெல்லாம் அதைப் பற்றியே. "இந்தத் தடவயும் மடி இல்லன்னா, இனிமே எனக்கு அண்ணன் இல்லன்னு நெனச்சிக்கறன்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். சுமதி விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. (மொட்டையை அதற்கு முந்தின மாதமே வேறு கோயிலில் அடித்துவிட்டார்கள். அதற்கு நான் பஸ்ஸில் போனேன், ஆகவே ஒரு அசம்பாவிதமும் இல்லை.)

கோயில் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில். தங்கை வீட்டாரின் குலதெய்வம் அய்யனார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் குத்தியாக வேண்டும். நாங்கள் ஒன்பதரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். நேரத்தோடு வந்த பெருமை தாங்கவில்லை எனக்கு.

கோயில் மதிலை ஒட்டி ஒரு காலி இடம். இந்தப் பக்கம் மதில். அந்தப் பக்கம் கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று, ஆலைக்குப் போகும் வழியில் பஞ்சராகி, ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு டிரைவர் போயிருந்ததால் கல்லை முட்டுக் கொடுத்து அனாதையாக நின்றது. பின்னால் புளியமரம். கலா சீர்த்தட்டுகளோடு இறங்கிக்கொண்டாள். தனவேல் ஓடி வந்தான். அவனுடைய காருக்கு ஒரு பக்கக் கண்ணாடியே கிடையாது, எங்கே போனாலும் தூரத்தில் களத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறவன்.

"அண்ணே, அதுல உடாத. பொங்க வெக்கற எடம் அது. இடுக்கு வேற. களத்துல நிறுத்திட்டு நடந்து வந்துடு, இன்னா தூரம்?"

"தனவேலு, நீ ரெண்டு கண்ணால பாக்கற. இது பன்னெண்டு சென்சார்ல பாக்குது" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

ஸ்டியரிங் தானாகச் சுற்றியது. நான் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. ஒரு பாட்டி, "பேய் ஓட்டுதாடி?" என்று பக்கத்தில் கேட்டார். கார் பின்னோக்கி நழுவி, பக்கக் கண்ணாடிகளைத் தானே மடக்கிக்கொண்டு, மதிலுக்கும் கரும்புக்கும் நடுவில் நூல் பிடித்தாற்போல் போய், புளியமரத்துக்கு அரை முழம் முன்னால் நின்றது. நிறுத்தம் முடிந்தது என்று திரையில் பச்சை எழுத்து வந்தது. நாலு பேர் கைதட்டினார்கள். அன்றைய தினத்தில் நான் மகிழ்ச்சியாக இருந்த கடைசி நிமிடம் அதுதான், கொஞ்ச நேரத்துக்கு.

கதவைத் திறந்தேன். நாலு விரல் அகலம் திறந்து கரும்பில் முட்டிக்கொண்டது. அந்தப் பக்கக் கதவு, மதில். பின்கதவுகளும் அப்படியே. டிக்கியைத் தூக்கினால் புளியமரம். காருக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதைக் கார் மிகச் சரியாக அளந்திருந்தது. எனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அந்த நிமிடமே முன்னால் எடுத்து வெளியே வந்திருக்கலாம். வழி திறந்துதான் கிடந்தது. ஆனால் தனவேல் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிங்கில் தப்பு என்று அவனுக்கு எப்படித் தெரிய விடுவது? சீர் மோதிரத்தை எடுத்துக்கொண்டிருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, கௌரவமாக வெளியேற ஏதாவது பட்டன் இருக்கிறதா என்று செல்போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்தேன். அதில் வந்தவர் முதல் நாலு நிமிடம் தன் சேனலுக்கு ஆதரவு கேட்டார். அடுத்த ஆறு நிமிடம் காரின் நிறத்தைப் புகழ்ந்தார்.

புகை வாசனை வந்து தலையை நிமிர்த்தினால், பானட்டுக்கு நேர் எதிரே மூன்று அடுப்பு. செங்கல் வைத்து, விறகு வைத்து, மஞ்சள் கட்டிய மூன்று பானை ஏறியிருந்தது. சுமதியின் மாமியார் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். இறக்கிய வழியாகக் கரும்புச் சோகை முகத்தில் வந்து அடித்தது.

"அத்தே! அடுப்பக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கங்க, வண்டிய எடுக்கணும்!"

"பானய ஏத்திட்டம்பா. பொங்கி வழியறதுக்குள்ள எறக்கக் கூடாது, தெரியாதா ஒனக்கு? சாமி குத்தமாப் பூடும்."

"எப்ப பொங்கும்?"

"வெறகு ஈரமா கீது. அய்யனாருக்குத்தான் தெரியும்."

மணி பத்து. எனக்கு வியர்த்துக் கொட்டியது, ஏ.சி. பதினெட்டில் இருந்தும். ராகு காலத்துக்கு அரை மணி. கூரையில் ஒரு ஓட்டை இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சன்ரூஃபைத் திறந்து, சீட்டின் மேல் ஏறி, தலையை வெளியே நீட்டினேன். தலை வந்தது, தோள் வந்தது. தொப்பை வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து எக்கினேன், பட்டு வேட்டி அவிழ்ந்தது. பட்டுச் சட்டையும் தோளில் துண்டுமாக இடுப்புக்கு மேல் மட்டும் காரிலிருந்து முளைத்து நின்ற என்னைப் பார்த்து, அடுப்படியில் ஒருத்தி, "ஓட்டு கேட்டு வந்துக்கீறாரு போல, கும்புடுங்கடி" என்றாள். கீழே ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் என்னால் பதிலுக்குக் கும்பிடக்கூட முடியவில்லை.

தனவேல் வந்து நின்றான். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, உண்மையான அக்கறையோடு பேசினான். "அண்ணே, நேரமாவுது. நீ பொறுமையா எறங்கி வா. அதுவரைக்கும் நான் குந்திக்கறன். நானும் மாமந்தான?"

போயிற்று, மறுபடியும் போயிற்று என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. (புகையால் என்று அப்போது சொன்னேன். இப்போது சொல்கிறேன், புகை இல்லை.)

சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள், கரும்பைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னா ஆச்சு இப்ப? மடி உள்ளதான கீது? மடி கீற எடத்துல குத்துங்க" என்றாள்.

"காருக்குள்ளயா?" என்றார் என் மாப்பிள்ளை, அதாவது சுமதியின் கணவர்.

"ஒருதரம் வேற மடியில குத்தியாச்சு. போதும்."

பூசாரியைக் கேட்டார்கள். அவர் வந்து காரை முன்னும் பின்னும் பார்த்தார். "புள்ள கெழக்க பாத்து குந்தணும், அவ்ளோதான். வண்டி கெழக்க பாத்துதான நிக்குது? குத்திக்கலாம்" என்று சொல்லி முடித்துவிட்டார். சர்வேயர் என்ற முறையில் நானும் உறுதி சொல்கிறேன், கார் சுத்தமான கிழக்கு. அந்தப் பன்னிரண்டு சென்சாரும் சேர்ந்து அன்று உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

நான் கீழே இறங்கி, வேட்டியைக் கட்டிக்கொண்டு, சீட்டைப் பின்னால் தள்ளிச் சம்மணம் போட்டேன். தனவேல் அடுப்பைச் சுற்றி வந்து பானட்டில் ஏறிக் கூரைக்குப் போய், குழந்தையை சன்ரூஃப் வழியாக மெதுவாக இறக்கினான். என் மடியை வாங்கிக்கொள்ள வந்தவன், என் மடிக்குக் குழந்தையைக் கொடுத்தான். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அடுத்தது காது குத்தும் பத்தர். நல்லவேளை, பத்தர் ஒல்லி. செருப்பைக் கீழே விட்டுவிட்டு, பானட்டில் ஏறி, கூரை வழியாகப் பக்கத்து சீட்டில் இறங்கி, "ஏசி நல்லாத்தான் இருக்குது" என்றபடி ஊசியை எடுத்தார்.

மணி பத்து இருபது. வெளியே முன்கண்ணாடி முழுக்க முகங்கள். சுமதி நடுவில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் காதில் பிள்ளை அழவே இல்லை, ஸ்டியரிங்கைப் பார்த்து அசந்து உட்கார்ந்திருந்தான். இரண்டாவது காதில் பத்தர் கைவைத்ததும் வீறிட்டு, இரண்டு காலையும் தூக்கி ஹாரனில் ஒரு உதை விட்டான். ஊரே அதிர்ந்தது. எதிரே நின்றவர்கள் பதறி விலகிய அதே நேரத்தில் நடுப்பானை பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். காதுகுத்துக்குப் போட்டார்களா, பொங்கலுக்குப் போட்டார்களா, ஹாரனுக்குப் போட்டார்களா, தெரியாது. மணி பத்து இருபத்து மூன்று. ராகு காலத்துக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் முன்கண்ணாடி முழுக்கப் பனி பிடித்தது. கையால் துடைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் சுமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். மடியில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தான், பாவம், அவனுக்கு மட்டும் வலி.

பானைகளை இறக்கி, அடுப்பைக் கலைத்த பிறகும் கார் என்னை வெளியே விடச் சம்மதிக்கவில்லை. சூடான செங்கல்லைப் பார்த்துப் பார்த்துக் கூவியது, நகர்ந்தால் தானே பிரேக் போட்டது. கடைசியில் தனவேல் முன்னால் நின்று, "வா... வா... லேசா ஒடி... வா..." என்று கையை ஆட்டி, அத்தனை சென்சாரையும் அணைக்கச் சொல்லி, என்னை வெளியே கொண்டுவந்தான். காரைக் களத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்து பந்தியில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கல் மாதிரி நான் எங்கும் சாப்பிட்டதில்லை.

இப்போது அந்தப் பிள்ளைக்கு நாலு வயது. பள்ளிக்கூடத்தில் காது எங்கே குத்தினாய் என்று கேட்டால் மற்ற பிள்ளைகள் கோயில் பெயரைச் சொல்கிறார்கள், இவன் கார் நம்பரைச் சொல்கிறான். எங்கள் சொந்தத்தில் எந்தக் காதுகுத்துப் பேச்சு எழுந்தாலும், "மாமன் உள்ளயா, வெளியவா?" என்று கேட்காமல் பத்திரிகை அடிப்பதில்லை.

போன மாதம் மாப்பிள்ளை போன் செய்தார். அவருடைய சித்தப்பா பேரனுக்கு அதே கோயிலில் காதுகுத்தாம். பையன் ஊசியைக் கண்டாலே திமிறிக்கொண்டு ஓடுகிறானாம். நாள், நேரமெல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"மச்சான், நீங்க ஒண்ணும் அலையாதீங்க. மடிக்கு இங்கயே ஆளு இருக்குது. காரு மட்டும் குடுத்து அனுப்புங்க."