மஞ்சள் சீட்டு சொன்ன வெள்ளிக்கிழமை

மூன்றாம் மாடிக் கூட்ட அறையின் வாசலில் அன்றும் நெரிசல். உள்ளே தேதியார் எழுந்தருளியிருந்தார்! சாஃப்ட்வேர் எழுதும் அந்த ஆபீஸில் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பட்டம் வாங்காதது மூலையில் நிற்கும் காபி மெஷின் மட்டும்தான். அத்தனை பேரும் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், "எங்க வேலை எப்ப முடியும்?" என்று கேட்க. வேலையைச் செய்கிறவர்கள் இவர்கள். எப்போது முடியும் என்று சொல்கிறவர் அவர். என்னே அறிவு!

தேதியாரின் முறை எளிது. கேட்க வந்தவரோடு முதலில் தனியாகப் பேசுவார். "வேலையோட மூச்சைக் கேக்கறேன்" என்பார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, கண்ணை மூடி, கை நிறைய மஞ்சள் ஒட்டுச்சீட்டுகளைச் சுவரில் விசிறுவார். ஒட்டியதைத் தடவிப் பார்த்துத் தேதி சொல்வார். அது தப்பியதே இல்லையாம். எப்படித் தப்பும்? அவர் சொன்ன தேதியில் எவ்வளவு முடிந்திருக்கிறதோ அவ்வளவுதான் வேலை. முடியாததற்குப் பெயர் 'அடுத்த கட்டம்'. மீறி யாராவது கேட்டால், "உங்க டீம்ல நம்பாதவங்க யாரோ இருக்காங்க" என்பார். உடனே எல்லாக் கண்களும் குறையக்காவின் மேல் திரும்பும்.

குறையக்கா அங்கே டெஸ்டிங் செய்கிறவள், அதாவது மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கிறவள். எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிப்பதால் வந்த பெயர். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இந்த முறை தேதி குறிக்கப்பட்டது ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு. நோயாளியின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும் சாஃப்ட்வேர். குறையக்கா மானேஜரிடம் ஓடினாள்.

"சார், குழந்தையோட எடை நாலரை கிலோன்னு போட்டா நடுவுல இருக்கற புள்ளிய முழுங்கிடுது. நாப்பத்தஞ்சு கிலோவுக்கு மருந்து சொல்லுது!"

"அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்மா. தேதியார் வெள்ளிக்கிழமைன்னுட்டார்."

"என் தங்கச்சி அங்கதான் சார் குழந்தைங்க வார்டுல நர்ஸ். இதைப் பாத்துதான் ஊசி போடப் போறா. அடுத்த கட்டம்னா எப்ப? ஒரு உசுரு போன பிறகா?"

"அபசகுனமா பேசாத" என்று மானேஜர் முகத்தைச் சுளித்தார். ஒரு சிசுவுக்குப் பத்து மடங்கு மருந்து போவது அபசகுனம் இல்லையாம். அதைச் சொல்வதுதான் அபசகுனமாம்.

கத்திப் பயனில்லை என்று குறையக்காவுக்குப் புரிந்தது. தேதியார் எந்த லேப்டாப்பையும் திறந்து பார்த்ததில்லை. மூடியைத் தடவுவதோடு சரி. அது போதும் அவளுக்கு.

கூட வேலை பார்க்கும் மூன்று பேரைப் பிடித்தாள். அதே ஆஸ்பத்திரி வேலையை ஆளுக்கொரு பெயரில் கொடுத்து, வரிசையில் நிறுத்தினாள். தேதியாரோடு தனியாகப் பேசும்போது ஒருவன், "அடுத்த வாரமே முடிஞ்சா புண்ணியமாப் போகும்" என்று பெருமூச்சு விட்டான். இரண்டாமவள், "மழைக்காலம் முடியட்டுமே" என்றாள். மூன்றாமவன், "அடுத்த வருஷமானாலும் எனக்கு ஒண்ணுமில்ல" என்று கொட்டாவி விட்டான்.

சீட்டுகள் பறந்தன. முதல் வேலைக்கு அடுத்த வாரம்! இரண்டாவதற்கு மழை நின்றதும்! மூன்றாவதற்கு அடுத்த வருடம்! கூட்டம் கைதட்டியது.

குறையக்கா மூன்று லேப்டாப்பையும் மானேஜர் முன்னால் மேசைமேல் திறந்து வைத்தாள். "சார், கொஞ்சம் பாருங்க. மூணும் ஒரே வேலை. நம்ம ஆஸ்பத்திரி வேலைதான்."

கைதட்டல் பாதியில் நின்றது. தேதியார் அசரவில்லை. "கேக்கறவங்க எண்ணம் வேற வேற இல்லையா? அதுக்கேத்த மாதிரிதான் தேதியும் வரும்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்ற குறையக்கா மானேஜர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க உள்ள போனப்ப என்ன சொன்னீங்க?"

மானேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சா மேலிடத்துல என் மானம் தப்பும்னேன்..."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தேதியார் சீட்டுக்கட்டைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினார். லிஃப்ட் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

மானேஜர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை கிடையாது என்று சொன்னார். குறையக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சரிம்மா, அப்ப நீயே சொல்லு. கரெக்டா எந்தத் தேதி?"

"இப்பத் தெரியாது சார். எழுதறவங்கள உக்கார வெச்சுக் கேப்போம். முதல்ல அந்தப் புள்ளிய சரி பண்ணுவோம். பண்ணப் பண்ணத்தான் தெரியும்."

பலருக்கு முகம் வாடிவிட்டது. தெரியாது என்று ஒருத்தி நேராகச் சொன்னால் எப்படித் தாங்கும்? பின்வரிசையில் ஒரு குரல் கிசுகிசுத்தது: "எதிர் பில்டிங்ல ஒரு அம்மா இருக்காங்களாம். கீபோர்டைத் தொட்டே சொல்லிடுவாங்களாம்!"

போங்கள், தாராளமாகப் போங்கள். போகிற வழியில் கழுத்துக்கு மேலே ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அது ஹெட்போன் மாட்டுவதற்காக மட்டும் முளைத்தது அல்ல.