நாஸியாவுக்கு வந்த இரண்டு வரன்கள்

மதுரை,
புதன்கிழமை

அன்புள்ள மாப்ள மன்சூருக்கு, உன் மச்சான் சேக் இஸ்மாயில் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அக்கா மைதீன் பீவியின் முழங்கால் நீங்கலாக. லெஸ்டரில் நீயும் பிள்ளைகளோடு சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கைலிக் கடை லெட்டர்பேடில் நான் எழுத, மருமகன் ஆசிப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். பக்கங்கள் முன்பின்னாக வந்தால் அவரைத் திட்டு, என்னைத் திட்டாதே.

உன் அக்கா மகள் நாஸியா பன்னிரண்டாவது முடித்துவிட்டு, வெளிநாட்டில்தான் சட்டம் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மதுரையில் சட்டக் கல்லூரி இருக்கிறது, வீட்டிலிருந்து டவுன் பஸ் போகிறது என்றேன். கப்பல் சட்டம் படிக்க வேண்டுமாம். மதுரையில் கடல் இல்லையே என்றேன், அதனால்தான் போகிறேன் என்றாள். எல்லாம் என் கைலிச் சரக்கு ஏதோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதால் வந்த வினை. குற்றம் கப்பல்காரனுடையதா, என்னுடையதா, எந்த நாட்டுச் சட்டப்படி பேசுவது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் முழித்தபோது, இவள் ஸ்கூல் யூனிஃபார்மோடு உட்கார்ந்து காகிதங்களைப் படித்து ஒரு மெயில் போட்டாள், சரக்கு வந்துவிட்டது. கைலி தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன்.

இப்போது லண்டனில் ஒரு பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்தில் ஒன்றும் இவளுக்கு இடம் தருவதாக எழுதியிருக்கின்றன. முன்பின் தெரியாத இடத்தை எடைபோட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மூத்தவள் சமீனாவைத் திருமங்கலத்தில் ஆசிப்புக்குப் பேசியபோது, அவர்கள் தெருமுனை டீக்கடையில் யாரோ எவரோ போல உட்கார்ந்து, டீ மேல் டீயாகக் குடித்து, அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் விசாரித்தவன் நான். கடைசியில் ஆசிப்பின் அத்தாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்க சமீனா அத்தாதானே? வெயில்ல எதுக்கு, வீட்டுக்கே வாங்க, கேக்க வேண்டியத அங்கேயே கேட்டுக்கலாம்” என்று கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். அந்தச் சம்பந்தம் இன்றுவரை நல்லபடியாகத்தான் இருக்கிறது. எனவே இந்த இரண்டு வரன்களையும் அதே முறைப்படி விசாரிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் தரகர். பைபாஸ் ரோட்டில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு ஆபீஸில் டை கட்டிய தம்பி ஒருவர் இருந்தார். லண்டன் எப்படி என்றேன், பெஸ்ட் என்றார். ஸ்காட்லாந்து எப்படி என்றேன், அதுவும் பெஸ்ட் என்றார். ரெண்டில் எதற்கு என்ன குறை என்று சொல்லுங்கள் தம்பி என்றேன், குறை என்ற சொல்லையே அன்றுதான் கேட்பவர் போலப் பார்த்தார். நான் கைலி விற்கும்போதே முதல் துவைப்பில் சாயம் கொஞ்சம் போகும் என்று சொல்லித்தான் விற்கிறேன். குறை சொல்லாத தரகரை நம்பக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் பியோனா என்ற அம்மாளை வீடியோவில் பேச வைத்தார்கள். நீங்களும் அம்மாவும் இருந்தால் போதும் என்றாள் நாஸியா. பெண் விஷயம், பெரியவர்கள் இல்லாமல் எப்படி? ஹாலில் ஜமுக்காளம் விரித்ததும் உன் பெரியம்மா, அவர் மக்கள், மருமக்கள் என்று தெருவில் பாதி வந்துவிட்டது. சமோசாவும் ரோஸ்மில்க்கும் கொடுத்தோம். வந்தவருக்குக் கொடுக்காமல் நாம் தின்பதா என்று உன் அக்கா ஒரு தட்டு சமோசாவைப் போனுக்கு முன்னால் வைத்துவிட்டதால், பியோனா முதல் பத்து நிமிடம் சமோசாவுடன்தான் பேசிக்கொண்டிருந்தார். உன் பெரியம்மா ஆரம்பித்தார்: “ஏம்மா, இதுக்கு முந்தி எங்க பக்கத்துப் பிள்ளைக யாராச்சும் அங்க வந்து, ஒத்துக்காமக் கோச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிருக்காகளா?” நாஸியா அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அந்த அம்மாள் எதையோ புரட்டிப் பார்த்து, இருக்கிறார்கள், ஆனால் ரொம்பக் குறைவு என்று சொன்னார். “ஒளிக்காமச் சொல்லுது, நல்ல இடம்” என்று உன் பெரியம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். அடுத்து உன் அக்கா, “சமையக்கட்டக் காட்டச் சொல்லு” என்றாள். நாஸியா முடியவே முடியாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிப் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டார். அந்த அம்மாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் ஆபீஸ் சமையலறையைச் சுற்றிக் காட்டினார். அங்கே ஒருவர் டீக்கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவர்தான் கப்பல் சட்டம் நடத்தும் பேராசிரியராம். சோப்பு நுரையோடு கையைத் தூக்கி எங்கள் எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். உன் அக்கா அந்த நிமிடமே ஸ்காட்லாந்துக்காரி ஆகிவிட்டாள்.

ஆனால் அங்கே சட்டமே தனியாம். ராஜா ஒருவர்தான், லண்டனுக்கு ஒரு சட்டம், ஸ்காட்லாந்துக்கு ஒரு சட்டம். குற்றவாளி, குற்றவாளி இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் ‘நிரூபணமாகவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு தீர்ப்பும் சமீப காலம் வரை வைத்திருந்தார்களாம். இதை நான் குறையாகத்தான் சொன்னேன். உன் அக்கா, “உங்க தம்பி கடைப்பங்கு விசயத்துல நம்ம ஜமாஅத்துல சொன்னதும் அதானே?” என்றாள். அதில் நான் கருத்து சொல்ல விரும்பவில்லை.

லண்டன்காரர்கள் ஆளையே காட்டவில்லை. அவர்கள் இணையதளத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, கேள்வியைப் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் பதில் வருகிறது. மெஷின் பேசுகிறது என்றாள் நாஸியா. “மாப்ள வீட்டாளுக இம்புட்டு அவசரப்பட்டா என்னமோ இருக்குன்னு அர்த்தம்” என்று உன் அக்கா எழுந்து போய்விட்டாள். இருந்தாலும் நான் லண்டன் பக்கம்தான். லண்டனில் படிப்பு மூன்று வருடம், ஸ்காட்லாந்தில் நான்கு. நான் சொன்ன காரணம் என்னவோ ஊரின் பேரும் புகழும்தான்.

படித்துவிட்டு வந்தால் இங்கே செல்லுமா என்று கேட்க, ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட்டுக்கே போனேன். நம் கடைக்கு வரும் வக்கீலம்மா தமிழ்வாணி அங்கேதான் இருக்கிறார். “அந்தப் பட்டத்த இங்க பார் கவுன்சில் ஏத்துக்குதான்னு மொதல்ல பாருங்க பாய். ஏத்துக்கிட்டாலும் தனியா ஒரு பரீட்சை எழுதணும்” என்றார். அதாவது அங்கே நிக்காஹ் நடந்தாலும் இங்கே வந்து மறுபடி பதிய வேண்டும். சரி என்று கிளம்பும்போது, “ஆமா, பாப்பா எதுங்குது?” என்று கேட்டார். தரகரைக் கேட்டோம், பெரியம்மாவைக் கேட்டோம், மெஷினைக்கூடக் கேட்டோம். பெண்ணைக் கேட்கவில்லை. பெண்ணின் சம்மதம் கேட்காத நிக்காஹ் நம் மார்க்கத்தில் செல்லாது என்பது உனக்குத் தெரியாததா?

ஆகவே நேற்று அஸர் தொழுகை முடிந்ததும் முறைப்படி இரண்டு சாட்சிகளோடு நாஸியாவிடம் போனேன். ஒரு சாட்சி ஆசிப், இன்னொருவர் பக்கத்து வாட்ச் கடை பால்பாண்டி. அவருக்கு இந்த முறையெல்லாம் புதுசு, இருந்தாலும் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். “சேக் இஸ்மாயில் மகள் நாஸியா, லண்டன் பல்கலைக்கழகத்தில் சேர உனக்குச் சம்மதமா?” என்று கேட்டேன். அவள் வாயே திறக்கவில்லை. கன்னிப்பெண் வெட்கத்தில் பேசமாட்டாள், மௌனமே சம்மதம் என்பது நம் வழக்கம். ஆசிப் “முபாரக்!” என்று சொல்லிப் பால்பாண்டியைக் கட்டிப்பிடித்தார். உள்ளேயிருந்து உன் அக்கா, “ஸ்காட்லாந்தக் கேக்கவே இல்லையே!” என்று சத்தம் போட்டாள். நியாயம்தானே என்று அதையும் கேட்டேன். அதற்கும் பேசவில்லை. “அண்ணே, ரெண்டுக்கும் சம்மதம்னா சிக்கலாயிருமே, கோர்ட்டு கேசுன்னு போயிரும்” என்று பால்பாண்டி கவலைப்பட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நானே மூன்றாவதாக ஒன்று கேட்டேன். “அப்ப எங்கயும் போகாம, இங்கயே அத்தா அம்மாவோட இருந்து படிக்கிறியாம்மா?”

“மாட்டேன் அத்தா!” என்றாள். கீழே தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மாப்ள, உன்னிடம் மறைப்பதற்கில்லை. மூன்று கேள்வியில் அந்த ஒன்றுக்காவது அவள் பேசாமல் இருக்கக் கூடாதா என்று நான் ஏங்கினேன். இந்த விசாரிப்பு, தரகர், ஹைகோர்ட் எல்லாமே நாளைக் கடத்தத்தான் என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. மூத்தவளைத் திருமங்கலத்தில் கொடுத்தேன், நினைத்தால் பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இவளை எந்த பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பது?

போவது என்று ஆகிவிட்டது, எங்கே என்பது மட்டும் மிச்சம். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ நாளைக்கே கடைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு ஊருக்கும் ஒரு நடை போய்வா. நாஸியாவின் மாமா என்று காட்டிக்கொள்ளாதே. வாசலுக்கு எதிரே டீக்கடை இருக்கும், இல்லாவிட்டால் காப்பிக்கடையாவது இருக்கும், அங்கே உட்கார்ந்து, வெளியே வருகிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருகிறார்களா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறார்களா என்று பார். ஹலால் சோறு கிடைக்குமா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேள். அந்தப் பேராசிரியர் கேமரா இல்லாத நேரத்திலும் கோப்பை கழுவுகிறாரா என்று மறக்காமல் விசாரி. வியாழன் பொழுதடைந்து மக்ரிப் தொழுகைக்குப் போவதற்குள் தகவல் சொல். உன் வார்த்தைதான் எனக்கு முடிவு.

உன் வீட்டாருக்கு எங்கள் சலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் உன் தொழில் பரக்கத்துக்கும் ஐவேளையும் துஆ கேட்கிறோம். உன் அக்கா முழங்காலுக்கு நீயும் கேள்.

இப்படிக்கு,
சேக் இஸ்மாயில்

பின்குறிப்பு: படம் எடுப்பதற்குமுன் நாஸியாவிடம் கடிதத்தைக் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, ஸ்காட்லாந்துக்குச் சரி என்று போன வாரமே பதில் போட்டாயிற்று என்றாள். பியோனா பேசியதே அதற்குப் பிறகுதானாம், சேர்ந்த பிள்ளையின் வீட்டாரோடு அறிமுகம் செய்துகொள்ள வந்தாராம். முடிந்துபோன விஷயத்துக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் நேற்று வாய் திறக்கவில்லையாம். இதைவிட, உன் அக்கா சொல்லி நீ பெருநாள் கழித்து அந்த ஊருக்கே போய், எதிர்க்கடையில் அரை நாள் உட்கார்ந்து விசாரித்து, இடம் நல்ல இடம் என்று அக்காவுக்கு எழுதியும் விட்டாயாம். மச்சானிடம் சொன்னால் லண்டன் என்று குறுக்கே விழுவார் என்று சொன்னதும் நீதானாம். ஆகவே நீ எங்கேயும் போக வேண்டாம், மேலே எழுதிய எதுவும் தேவையில்லை. கைவலிக்க எழுதிவிட்டேன் என்பதற்காக அனுப்புகிறேன்.

கடைசியில் நாஸியா பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தா, ஒங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டாள். “எனக்கு இஷ்டமில்லம்மா. நீ போயிட்டு வா” என்றேன். “இது என்ன பதில் அத்தா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றாள். “ரெண்டும்தாம்மா” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.