முள்ளம்பன்றிக்குக் கிடைத்த தொழில் நிதி

ஒரு காட்டில் சிங்கம் ஆண்டதா, சிங்கத்தின் பெயரால் நரிகள் ஆண்டனவா என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அந்தக் காட்டில் செங்கமலம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். மந்தாரை இலைகளைச் சேர்த்துத் தைத்து, விருந்துக்குச் சாப்பாட்டு இலை செய்து விற்பது அவள் தொழில். ஊசிக்குச் செலவில்லை, முதுகிலேயே இருந்தது. இலைகளை நனையாமல் அடுக்கி வைக்கத்தான் ஒரு கொட்டகை இல்லை. போன மழையில் அத்தனை இலையும் பூசணம் பிடித்துப் போயிற்று. இந்த மழையிலும் போனால் தொழிலை மூட வேண்டியதுதான்.

அப்போதுதான் காட்டரசு சிறுதொழில் வளர்ச்சி நிதியை அறிவித்தது. செங்கமலம் போய் வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் யாரும் நெருங்கி நிற்கத் துணியாததால், வரிசை வழக்கத்தைவிட நீண்டுவிட்டது.

நரி அலுவலர் படிவத்தைப் புரட்டினார்.

"தொழில்ல கூரான கருவி ஏதாச்சும் இருக்கா?"

"முள்ளு இருக்குங்க."

"எத்தனை?"

"எண்ணினதில்லைங்க. அதுவா முளைக்குது."

"அப்போ அது ஆயுதம். காவல் நிலையத்துல தடையில்லாச் சான்று வாங்கிட்டு வா."

காவல் நிலையத்தில் இருந்த கரடி, முள்ளையெல்லாம் கழற்றி மேசைமேல் வைத்தால் சான்று தருவதாகச் சொன்னார்.

செங்கமலம் வாடிய முகத்தோடு திரும்பியபோது, நரி அலுவலரே ஓடி வந்தார். "ஏம்மா, இலை தைக்கிறவ நீதானே? நாளன்னிக்கு நிதித் திட்டத் தொடக்க விழா. காடு முழுக்கச் சாப்பிட வருது. இலை வேணும்!"

தொடக்க விழா முடிந்தது. பிறகு விண்ணப்பம் வழங்கும் விழா, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் விழா, பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவைத் தேர்ந்தெடுக்கும் விழா. எல்லாவற்றிலும் பந்தி உண்டு. யானைக்கு மட்டும் இருபது இலையை ஒன்றாகத் தைக்க வேண்டியிருந்தது. செங்கமலம் இரண்டு அணில்களை வேலைக்கு வைத்தாள். முதல் மழைக்கு முன்பே கொட்டகை எழும்பிவிட்டது. நிதி மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

ஒருநாள் காக்கைத் தோழர் வந்தார். முப்பது வருடம் கோஷம் போட்டே குரல் கரகரத்துப் போனவர்.

"அக்கா, விழா விழான்னு நம்மளை ஏய்க்கிறாங்க. நிதியை உடனே கொடுன்னு நாளையிலேர்ந்து உண்ணாவிரதம். நீங்கதான் தலைமை."

செங்கமலத்தின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றன.

"கொடுத்துட்டா விழா நின்னுடுமே, தோழர்?"

"நின்னா என்ன? நிதி நம்ம உரிமை!"

"உரிமைதான், யார் இல்லேன்னாங்க? ஆனா போயும் போயும் உண்ணாவிரதமா? பந்தியோட ஒரு போராட்டம் நடத்துங்களேன். கூட்டமும் சேரும்."

தோழர் தலையைச் சாய்த்து யோசித்தார். முப்பது வருடத்தில் அவர் கூட்டத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வந்ததில்லை.

"எத்தனை இலை தைச்சுத் தருவீங்க, அக்கா?"

நிதி கேட்கும் மாபெரும் மாநாட்டுக்குக் காடே திரண்டது. மிரண்டுபோன நரிகள் அதே வாரம், நிதி கொடுப்பது பற்றி ஆலோசிக்கும் மாநாட்டைக் கூட்டின. செங்கமலம் இரண்டுக்கும் இலை தைத்தாள்.

நீதி: அரசு நிதியால் சிறுதொழில் வளரும் என்பது முற்றிலும் உண்மை; ஆகவே அது யார் கைக்கும் போய்ச் சேர்ந்துவிடாமல் எல்லோரும் ஒன்றுகூடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.