தனிக்குடித்தனக் கார்டு

ஒரு பொருளை வாங்குவது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு. வாங்குவதற்குப் பணம் போதும். தேர்ந்தெடுப்பதற்கு அறிவு வேண்டும். எங்கள் வீட்டில் பணம் என் மனைவி வேலாமணியிடமும் அறிவு என்னிடமும் இருக்கின்றன என்பது என் நெடுநாள் கொள்கை. ஆகவே, மகள் பிரீத்தி தன் பொறியியல் வரைபட வேலைக்கு ஒரு லேப்டாப் வேண்டும் என்றபோது, அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே ஏற்பதாக அறிவித்தேன். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. அதுவே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

பிரீத்திக்குக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. குன்னூரை அடுத்த ஜெகதளாவில் எங்கள் வீட்டிலிருந்தபடியே பம்புகளைத் திரையில் வரைந்து, சுழற்றி, கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். சில மாதம் பார்ப்பார்கள். வேலை சுத்தமாக இருந்தால்தான் நிரந்தரம். அதில் முதல் மாதப் பயிற்சிக்கு மட்டும் கம்பெனியே ஒரு லேப்டாப்பை இரவல் கொடுத்தது. அதற்குள் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. பம்ப் சுழலத் தொடங்கினால் லேப்டாப்பின் விலாவிலிருந்து வெப்பக்காற்று வீசும்.

வேலாமணி பொள்ளாச்சியில் பிறந்தவள். மலையேறி வந்த நாள் முதல், குளிரில் பொங்க மறுக்கும் இட்லி மாவோடு மல்லுக்கட்டி வருபவள். கம்பளி போர்த்தினாள், அடுப்போரம் வைத்தாள், ஆண்டவனையும் வேண்டினாள். இப்போது மாவுப் பாத்திரத்தை அந்த வெப்பக்காற்றுக்கு நேரே வைத்தாள். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றது. எங்கள் வீட்டு இட்லி அன்றுதான் ஆயுதச் சட்டத்தின் வரம்பிலிருந்து வெளியேறியது.

பயிற்சி முடிந்தது. இரவல் லேப்டாப் திரும்பிப் போயிற்று. வேலாமணி சீட்டு எடுத்த பணத்தை என் கையில் கொடுத்து, நல்ல கார்டு உள்ள லேப்டாப்பாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னாள்.

இந்த இடத்தில் என் உள்ளக்கிடக்கையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு சிறு தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சைத் தேயிலை விலை அப்போது இருந்த அழகில், இலை விற்ற பணம் இலை பறித்த கூலிக்கே போதவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார். நான் அப்படிப்பட்ட கோழையல்லன். விலை ஏறும் நாளில் ஆயத்தமாக நிற்க, மோட்டார் வைத்த இலை வெட்டும் மெஷின் ஒன்று வாங்க ஆசைப்பட்டேன். விலை ஏறட்டும், பிறகு வாங்கலாம் என்றாள் வேலாமணி. பல ஆண்டுகளாக விலையும் ஏறவில்லை, அவளும் இறங்கவில்லை.

குன்னூரில் தனசிங்கின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். வரைபட வேலைக்கான லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கும். அதற்கென்று தனி மெமரி, தனி விசிறி. விலை குறைந்த லேப்டாப்பில் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் அடங்கிவிடும். கடிதம் அடிக்கலாம், படம் பார்க்கலாம், பம்ப் வரைந்தால் மூச்சு வாங்கும்.

விஷயத்தின் வேரை நான் உடனே பிடித்துவிட்டேன். தனி மெமரி, தனி விசிறி கேட்பது தனிக்குடித்தனம். இருப்பதை ஒரே கூரையின் கீழ் பகிர்ந்துகொள்வது கூட்டுக் குடும்பம். தமிழ்ப் பண்பாட்டில் ஊறிய நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? மேலும், கூட்டுக் குடும்பம் விலையும் மலிவு. மிஞ்சிய பணம் அதே தெருவில் நெல்சன் கடையில் இலை வெட்டும் மெஷினுக்கு முன்பணமாயிற்று. டிசைன் வேலைக்கு இது ஆகாது என்று தனசிங் இரண்டு முறை சொன்னார். நான் அவரிடம் ஒரு கிராபிக்ஸ் கார்டு ஸ்டிக்கரை மட்டும் கேட்டு வாங்கி லேப்டாப்பில் ஒட்டினேன். தேயிலைத் தூளுக்கு லேபிள்தான் சுவை என்பதை டீ ஃபேக்டரியில் இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையரைக் கவனித்து ஓய்வு பெற்றவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலாமணி லேப்டாப்பை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல தனிக் கார்டு இருக்குதுங்களா?"

"ஸ்டிக்கரைப் பார்."

"ஸ்டிக்கர் ஒட்டுன ஆப்பிளெல்லாம் காஷ்மீருங்களா?"

இத்தகைய கேள்விகளுக்கு விடையளிப்பது என் தகுதிக்குக் குறைவு. பிரீத்தியின் பம்ப், முட்டுக்கட்டை போட்ட தேர் போல நின்று நின்று நகர்ந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பின் ஓரத்தில் மாவுப் பாத்திரம் வந்து அமர்ந்தது. மறுநாள் தட்டில் விழுந்த இட்லி மணியடித்தது போல ஒலித்தது. உளுந்து சரியில்லை என்று தீர்ப்பு வழங்கினேன். வேலாமணி ஆமாங்க என்று தலையாட்டினாள். அவள் ஆமோதித்தது என் ஆராய்ச்சித் திறனுக்குக் கிடைத்த பாராட்டு என்றே கருதினேன்.

இரண்டொரு நாளில் மெஷினை எடுத்து வர நெல்சன் கடைக்குப் போனேன்.

"அம்மா காலைலயே வந்தாங்களே சார். மெஷின் வேண்டாம்னு சொல்லி அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டுப் போய்ட்டாங்க."

"ரசீது என்னிடம் இருக்கிறது. அது இல்லாமல் எப்படிக் கொடுத்தீர்?"

"ரசீது கேட்டேன் சார். பார்த்தாங்க."

"எதைப் பார்த்தாள்?"

"என்னைத்தான் சார்."

அதற்குமேல் அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் வந்தால் கொடுக்கச் சொல்லி அவள் விட்டுப்போன பொருளை நீட்டினார். இலை வெட்டும் கைக்கத்தரி.

வீடு திரும்பினேன். மேசைமேல் வேறொரு லேப்டாப் இருந்தது. திரையில் பம்ப் பம்பரமாகச் சுழன்றது. வெப்பக்காற்று வீசும் பக்கத்தில் மாவுப் பாத்திரம் என் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு சுகமாக அமர்ந்திருந்தது.

"நான் வாங்கியதில் தனிக் கார்டு இல்லை என்று உனக்கு யார் சொன்னது?" என்று அதட்டினேன்.

"கார்டப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? மாவு பொங்கல. தனசிங்குக்குப் போன் போட்டு, மாத்திக் குடுங்கன்னேன். மிச்சப் பணம் எங்க போயிருக்கும்னு நான் யாரையும் கேக்கலைங்க. தூக்கத்துலகூட அந்த மெஷின் சத்தந்தானே போடறீங்க."

நான் இருமினேன். அவள் விடவில்லை.

"டிரையர்ல அத்தன வருசம் நின்னீங்க. சூடு வருதான்னு தொட்டுப் பாக்கத் தெரியலைங்களே."

"பிரீத்தியே ஒன்றும் சொல்லவில்லையே!"

"அவளுக்கு மொத நாளே தெரியுமுங்க. எல வெல இல்லாம அப்பா செலவுக்கு மிச்சம் புடிச்சிருப்பாராட்ட இருக்குதும்மா, கேட்டா சங்கடப்படுவாரு, வேல போனாப் போகுதுன்னு வாய மூடிட்டு உக்காந்திருந்தா."

பிரீத்தி திரும்பிப் பார்க்காமல் பம்பைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். என்னிடம் இருக்கும் அறிவோடு கைக்கத்தரியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன்.

அவள் வேலை நிரந்தரமாகிவிட்டது. தேயிலை விலை ஏறவில்லை. கத்தரியும் கூடையுமாக நானே தோட்டத்தில் நிற்கிறேன். வீட்டில் லேப்டாப் சூடாக இருக்கிறது, இட்லி சூடாக இருக்கிறது, வேலாமணியும் அவ்வப்போது சூடாகிறாள். எனக்கு வந்து சேரும் தேநீர் மட்டும்தான் ஆறியிருக்கிறது.