பல்வலி வந்த பேய்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லேத்துப் பட்டறைக்குப் போனவன். அச்சுக் கோக்கிறவர் கோபித்துக்கொள்ளாமல் திருத்திக்கொள்ள வேண்டும்.

பேய்ப் படம் பார்த்துப் பயந்தவர்கள் நாட்டில் நிறையப் பேர். சிரிப்புப் படம் பார்த்துப் பயந்து ஓடியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது எனக்குக் கல்யாண வயது. அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் பட்டறைக்கு சைக்கிளில் போய்வருவேன். கூட வேலை செய்த தணிகாசலம், தன் தங்கை சரோஜாவை எனக்குக் கொடுக்க நினைத்தான். அண்ணனூரில் அவர்கள் வீடு. பெண் பார்க்கப் போனேன். போனேனே தவிர, பார்க்கவில்லை. கூச்சத்தில் குனிந்த தலை வாசலுக்கு வருகிறவரை நிமிரவில்லை. (பஜ்ஜியை நன்றாகப் பார்த்தேன். வாழைக்காய்.)

மறுநாள் பட்டறையில் தணிகாசலம் சொன்னான்.

"மாமே, உன் உச்சி மண்டையில சுழி கீதாமே. எங்க ஊட்டுல எல்லாரும் அத மட்டுந்தான் பாத்தாங்களாம். மூஞ்சியப் பாக்காம எப்பிடி சரின்னு சொல்றதுன்னு சரோஜா கேக்குது."

"இப்ப இன்னா பண்றது?"

"ஞாயித்துக்கெழம எங்க ஊரு கொட்டாய்க்கு வா. அந்த பங்களாப் படம் வந்துகீது. அம்மாவையும் சரோஜாவையும் இட்டுகினு வரேன். ரீலு மாத்தசொல்ல லைட்டு போடுவான் இல்ல, அப்ப நிமிந்து உக்காரு. அது பாத்துக்கும்."

அந்த டெண்ட் கொட்டகையில் ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை மாட்டுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் முழங்கால் உயரத்துக்கு மண் சுவர். திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் பங்களாப் படம் என்றதுமே அந்த ஞாயிற்றுக்கிழமையே வரவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

முந்தின வருஷம் அதைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தவன் நான். கொட்டும் மழையில் ஒரு பாழும் பங்களா. வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி கன்னத்தில் கை வைத்து முனகிக்கொண்டே நடந்து வருவாள். ஜன்னலோரம் நிற்கும் கதாநாயகன் கழுத்தில் பின்னாலிருந்து ஒரு கை விழும். அங்கே மூடிய கண்ணை நான் 'வணக்கம்' போட்ட பிறகுதான் திறந்தேன்.

தணிகாசலம் சொன்னது அந்தப் படத்தை அல்ல. அதைக் கிண்டல் செய்து, அதே மாதிரி பங்களா கட்டி எடுத்த சிரிப்புப் படத்தை. ஊருக்கே தெரிந்த சங்கதி என்பதால் அவன் அதைத் தனியாகச் சொல்லவில்லை. கொட்டகை வாசல் போஸ்டரிலும் அதே பங்களா, அதே வெள்ளைப் புடவை. அதற்குமேல் உற்றுப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மண் சுவரை ஒட்டி மணலைக் குவித்து உட்கார்ந்தேன். பின்னால் தணிகாசலம். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அம்மாவும் சரோஜாவும். விளக்கு அணைந்தது, திரையில் மழை கொட்டியது, நான் துண்டை எடுத்து முக்காடு போட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

சுற்றிலும் ஒரே சிரிப்பு. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பேயைப் பார்த்துக் கைதட்டிச் சிரிக்கிறார்களே, இவ்வளவு தைரியமான ஊரிலா பெண் எடுக்கப்போகிறோம் என்று மலைத்துப்போனேன்.

ரீல் முடிந்து விளக்கு எரிந்ததும் துண்டு தோளுக்குப் போய்விடும். மீசையைத் தடவிக்கொண்டு, நானும் அந்த ஊர்க்காரன் மாதிரி ஹெஹே என்று சிரிப்பேன். விளக்கு அணைந்ததும் மறுபடி முக்காடு. இப்படியே இடைவேளை தாண்டிவிட்டது. சரோஜா இந்தப் பக்கம் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பினால்தானே?

அப்புறம் அந்த முனகல் வந்தது. அதே முனகல். அடுத்தது என்ன என்று எனக்கு மனப்பாடம். கழுத்தில் கை விழும்.

விழுந்தது. என் கழுத்தில்.

(தணிகாசலத்தின் கைதான். முறுக்கு வேண்டுமா என்று கேட்கத் தொட்டானாம்.)

நான் போட்ட சத்தத்தில் மெஷின்காரர் விளக்கைப் போட்டுவிட்டார். மண் சுவரைத் தாண்டியது எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது யாரோ ஒரு அம்மாள் மடியில் முகம் புதைத்து, "எம்மா, எம்மா" என்று அழுதுகொண்டிருந்தேன்.

"யாரு நைனா நீ?" என்றாள் அந்த அம்மாள்.

பக்கத்தில் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: "அவருதாம்மா. சுழி கீது பாரு."

நிமிர்ந்தேன். மணலும் கண்ணீரும் அப்பிய என் முகத்தை சரோஜா முதல்முதலாகப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். கொட்டகையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அயனம்பாக்கம் வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை காலையில் தணிகாசலம் என் லேத்துப் பக்கமே வரவில்லை. பெண் கைவிட்டுப் போயிற்று என்று நானே முடிவுகட்டி, லேத்தைப் பார்த்தபடி நின்றேன். சாப்பாட்டு மணி அடித்ததும் வந்தான்.

"எங்க ஊட்டுல சரின்னுட்டாங்க மாமே."

"கிண்டல் பண்ணாத மச்சான். சரோஜா இன்னா சொல்லிச்சு?"

"அதான் மொதல்ல சரின்னுச்சு. எங்க அக்கா ஊட்டுக்காரரு படா தைரியசாலி. அக்கா மாசத்துக்கு ஒரு தபா அடி வாங்கி அழுதுகினு வருது. இவரு பயந்தா எங்கம்மாகிட்ட ஓடியாறவரு, என்மேல கை ஓங்க மாட்டாருன்னுச்சு."

கல்யாணமான பிறகு சரோஜா என்னை அதே படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் பார்க்கச் சொன்னாள். வெள்ளைப் புடவையில் வந்தது மீசையை மழித்த ஒரு ஆள். கன்னத்தில் கை வைத்து முனகிக்கொண்டே வந்து, கதாநாயகன் கழுத்தைப் பின்னாலிருந்து தொட்டு, "ரெண்டு கிராம்பு இருக்குமா தம்பி? கடைவாய்ப் பல்லு உயிர் போகுது" என்றது பேய். எனக்கு மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் கன்னத்துக் கை என்னைக் காய்ச்சலில் தள்ளியதோ, அதற்குப் பல்வலிதான் காரணம் என்று யோசித்தானே ஒருவன், அவன் மூளையை என்ன சொல்வது? பயத்தை ஒரு இம்மி நகர்த்தி வைத்திருக்கிறான், அவ்வளவுதான். மழை அதே மழை, முனகல் அதே முனகல். அதற்கப்புறமும் பல தடவை பார்த்துவிட்டேன். அந்தப் பேய் நடிகரை நேரில் பார்த்தால் கும்பிடுவேன்.

கை ஓங்குகிற விஷயத்தில் சரோஜா கணக்குத் தப்பவில்லை. இப்போது எங்கள் வீட்டில் கரண்ட் போனால், பிள்ளைகள் இருட்டில் கத்துகிறார்கள்: "நைனா, பொம்பளைங்க பக்கம் ஓடாத."

என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே. அண்ணனூர் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி அறிமுகம் செய்வார்: "நான் பெத்தது மூணு. இது கொட்டாய்ல கெடச்சுது."

26-8-1979, ஞாயிற்றுக்கிழமை