நூற்றில் முடியும் கோடு

கல்முனையில் செல்லத்தம்பி ஐயாவின் கொட்டிலுக்கு முன்னால் காலை ஐந்து மணிக்கே வரிசை. பொத்துவிலில் இருந்து, நாவிதன்வெளியில் இருந்தெல்லாம் சனம். மூன்று மதத்தவரும் தள்ளுமுள்ளு இல்லாமல் நிற்கிறார்கள். அதற்காகவாவது ஐயாவைப் பாராட்டலாம்.

நோய் தீர மந்திரிக்கும் மற்றவர்கள் நூல் ஓதிக் கையில் கட்டுவார்கள். ஐயா கூடவே வரைபடமும் காட்டுவார். 'சீனி வருத்தப் புண் ஆறியோர் வீதம்' என்று பெரிய பதாகை. நீரிழிவுக்காரருக்கு வரும் புண்தான். ஏழாம் நாள் 60, பதினான்காம் நாள் 85, இருபத்தோராம் நாள் 96, நாற்பதாம் நாள் 100. கோடு ஒரு நாளும் இறங்கவில்லை. முன்பு ஆறியவர்களோடு பின்பு ஆறியவர்களையும் கூட்டிக்கொண்டே போனால் எப்படி இறங்கும்? அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. நூற்றைக் கண்டதும் கையை நீட்டினார்கள்.

ஒரு நாள் ஞானராணி ஐயாவிடம் யோசனை கேட்க வந்தார். அவர் கணவர் அல்பேட்டுக்கு நூல் கட்டி இருபத்தொரு நாள். கால் புண் கறுத்துவிட்டது. உடனே வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"இன்னும் பத்தொன்பது நாள் பொறுங்க. நாப்பதில நூறு வீதம். படத்தில கிடக்குதானே?" என்றார் ஐயா.

ஞானராணியோடு வந்த பக்கத்து வீட்டு ஸில்மியா, கணித ரீச்சர். சும்மா இருக்கத் தெரியாதவர்.

"இருபத்தோராம் நாள் தொண்ணூத்தாறு, நாப்பதில நூறு. இடையில ஆறினது எத்தின பேர் ஐயா?"

ஐயா விரல் மடித்து எண்ணினார். "நூத்துக்கு நாலு."

"ஞானராணி அக்கா, கேட்டீங்களா? நீங்க காத்திரிக்கிறது நூறுக்கில்ல, நாலுக்கு. சரி ஐயா, ஆறாத ஆக்கள் படத்தில எங்க இரிக்காங்க?"

"அவங்களுக்கு நம்பிக்கை காணாது. அவங்கள நாங்க கணக்கில எடுக்கல்ல."

ஸில்மியா வரிசைப் பக்கம் திரும்பினார். "நாப்பது நாள் கழிஞ்சும் புண் ஆறாம, திரும்ப நூல் கட்ட வந்தவங்க கையத் தூக்குங்க."

ஒரு கை. பிறகு மூன்று. பிறகு வரிசையில் பாதிக்கு மேல். நம்பிக்கைக் குறைவு தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் வெட்கத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா செருப்பைத் தேடினார்.

அன்று மத்தியானமே அல்பேட் ஆஸ்பத்திரியில். இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது. முதல் வாரமே வந்திருந்தால் விரல்களும் தப்பியிருக்கும் என்றார் டொக்டர். ஞானராணி வாய்விட்டு அழுதார்.

ஐயா இப்போது தெற்கே வேறோர் ஊரில். கோடு அங்கேயும் நூற்றில்தான் முடிகிறதாம். உங்கள் ஊருக்கும் வருவார். கையை நீட்டுவதற்கு முன், யாரையெல்லாம் விட்டுவிட்டு எண்ணினீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு நூல் தேவையில்லை. கழுத்துக்கு மேலே இருப்பது போதும்.