செம்புசாமியும் நூற்றிருபது படியும்

குண்டூர் சீமையில் வீட்டுக்கு வீடு ஆவக்காய் ஊறும் மாதம். அந்த மாதமாகப் பார்த்துத்தான் குன்றின்மேல் செம்புசாமி அவதரித்தார். அவர் கையால் செம்புக் காப்பு மாட்டினால் ரத்தக் கொதிப்பு இறங்கிவிடும். மாத்திரை வேண்டாம், ஊறுகாய் எவ்வளவும் தின்னலாம். இப்படி ஒரு கடவுளைத்தான் ஊரே தேடிக்கொண்டிருந்தது!

அந்த ஊரில் ராஜ்யம் என்றொரு பெண். அவள் கணவர் பாபூராவ் ஐந்நூற்றுப் பதினாறு ரூபாய் காணிக்கை வைத்துக் காப்பு மாட்டிக்கொண்டார். போன வருஷம்தான் வாய் கோணி, ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவர். மாத்திரைகளை வாய்க்காலில் வீசினார். வாய்க்கால் மீன்களுக்கு இனிக் கொதிப்பே வராது.

ராஜ்யம் தினமும் காலையில் அவரை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைப்பாள். கையை மார்பு உயரத்துக்கு மேசைமேல் வைத்து, பி.பி. மெஷினில் அளந்து, நோட்டில் எழுதுவாள். காப்புக்கு முன் மேல் அளவு 130. பத்தே நாளில் 168. தப்பு மெஷினுடையதோ என்று பேட்டரி மாற்றிப் பார்த்தாள். 170.

"ஒன் மெஷினுக்குப் பக்தி பத்தல," என்றார் பாபூராவ், வாயில் ஆவக்காய்ச் சோற்றோடு.

அவரை இழுத்துக்கொண்டு குன்றின் நூற்றிருபது படியும் ஏறினாள். அங்கே, மூச்சிரைக்க வந்தவர்களை நின்ற நிலையிலேயே அளந்தார்கள்: 180. காப்பு மாட்டி, ஃபேனுக்கடியில் கால் மணி நேரம் கண்மூடி உட்காரவைத்து மறுபடி அளந்தார்கள்: 140. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ராஜ்யம் கையை நீட்டினாள். 172.

"காப்பு வேணாம். சும்மா ஒக்கார்றேன்."

கால் மணி நேரம். 128.

"பக்கத்துக் காப்போட காத்து ஒம்மேல பட்டிருக்கும்மா," என்றார் சாமி.

"அப்ப நீங்க ஏறிக் காட்டுங்க சாமி. கையில எட்டுக் காப்பு கெடக்கே!"

சாமி பின்பக்க ரோட்டில் காரில் வருபவர். கூட்டம் விடுமா? "சாமிக்கென்ன, பறந்தே வந்துருவாரு!" என்று அடிவாரத்துக்கு இறக்கிவிட்டது. கடைசிப் படிக்குச் சாமி தவழ்ந்து வந்தார். 204. சீடன் பழக்கதோஷத்தில் ஒன்பதாவது காப்பை மாட்டப் போனான்.

"அதத் தூக்கிப் போடுடா! மடியில மாத்திர இருக்கு, தண்ணி கொண்டா!"

இடுப்பிலிருந்து மாத்திரை அட்டை வெளியே வந்தது. பாபூராவ் எட்டிப் பார்த்தார்.

"அடியே, என் மாத்திரையும் இதேதாண்டி!"

"ஆமாங்க. சாமி மட்டும் வாய்க்கால்ல போடல."

பாபூராவ் காப்பைக் கழற்றிவிட்டு, நேரே டாக்டரிடம் நடந்தார். பாதிப் பேர் இன்னும் கழற்றவில்லை, காசு கொடுத்தாயிற்றாம்.

சாமியின் கையைக் கும்பிட்டது போதும், மக்களே. ஒரு தடவை மடியைச் சோதியுங்கள்!